சைபர்பங்க் 2077: கார்டு மாத்தியும் எஃப்பிஎஸ் ஏறல, பிராசஸர்தான் காரணமா?

நைட்சிட்டி_திருச்சி
அவசரம் ப்ரோ. புதுசா ஆர்டிஎக்ஸ் 4070 கிராஃபிக்ஸ் கார்டு போட்டாச்சு. சைபர்பங்க்ல பழைய கார்டுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல, எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம் வருதுங்கிறது) 68 கிட்டயே நிக்குது. யூட்யூப்ல இதே பிராசஸர், இதே கார்டுல 100க்கு மேல ஓடுது. டிரைவர் புதுசுதான். ஞாயித்துக்கிழமைக்குள்ள கார்டைத் திருப்பிக் கொடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணணும்.

ஹீட்சிங்க்
"இதே பிராசஸர்"னா எது? ரேம் எவ்வளவு, என்ன ஸ்பீட்? ரெசல்யூஷன்? ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம் மாதிரி கணக்குப் போடுறது) ஆன்ல இருக்கா? 68 வந்தது கேமோட பெஞ்ச்மார்க்லயா (கேமுக்குள்ளயே இருக்கிற வேகச் சோதனை), தெருவுல நடக்கும்போதா?

வேம்பு88
சூடுதான் ப்ரோ, பல கேஸ்ல அதான். ஹெச்டபிள்யூஇன்ஃபோன்னு சூடு, வேகம் காட்டுற சாஃப்ட்வேரை ஓடவிட்டு, கேம் அரை மணி நேரம் ஓடினப்புறம் பிராசஸர் டெம்பரேச்சரையும் 'எஃபெக்டிவ் கிளாக்'கையும் (பிராசஸர் நிஜமா ஓடுற வேகம்) பாருங்க. 90 டிகிரியைத் தொட்டு கிளாக் இறங்குச்சுன்னா தெர்மல் பேஸ்ட் மாத்துங்க.

நைட்சிட்டி_திருச்சி
ரைசன் 5 5600, 16 ஜிபி ரேம், 1440பி, ஹை செட்டிங். ரே டிரேசிங் இல்ல. 68 கேமோட பெஞ்ச்மார்க்ல வந்தது. டெம்பரேச்சர் 72 தாண்டல. டாஸ்க் மேனேஜர்ல பிராசஸர் 55%தான் காட்டுது, அப்போ பிராசஸர் மேல தப்பில்லதானே?

பழையசிலிக்கான்
தம்பி, இதை இங்க எத்தனை தடவை எழுதியாச்சு, தேடிப் பார்த்துட்டுக் கேட்டா என்ன? அந்த 55% என்பது 12 திரெட்டோட (ஒரே நேரத்துல ஓடுற வேலை வரிசைகளோட) சராசரி. கேமோட மெயின் திரெட் ஒண்ணு தன் எல்லையைத் தொட்டுட்டா போதும், மத்ததெல்லாம் அதுக்காகக் காத்துக் கிடக்கும். சராசரியில அது தெரியவே தெரியாது. பார்க்க வேண்டியது கார்டோட யூசேஜ். 97-99% இருந்தா கார்டுதான் தடை. 60-70%ல ஆடிட்டு இருந்தா, எஃப்பிஎஸ் கேப்போ (உச்ச வரம்பு) வி-சின்க்கோ (மானிட்டர் வேகத்தோட பூட்டுறது) போடாத பட்சத்துல, பிராசஸர் பக்கம்தான் தடை. பிராசஸர் பக்கம்னா ரேமும் சேர்த்துதான்.

ஹீட்சிங்க்
அண்ணன் சொன்னதை உறுதி பண்ண ஒரு சோதனை. வி-சின்க், எஃப்பிஎஸ் லிமிட், ஃபிரேம் ஜெனரேஷன் மூணையும் ஆஃப் பண்ணுங்க. ஃபிரேம் ஜெனரேஷன்ல கார்டே இடையில சேர்க்குற ஃபிரேமுக்குப் பிராசஸர் வேலை செய்யுறதில்ல. அது ஆன்ல இருந்தா வர்ற நம்பரை வெச்சு பிராசஸரை எடை போட முடியாது. அப்புறம் டிஎல்எஸ்எஸ்ஸை (படத்தைச் சின்னதா வரைஞ்சு பெரிசாக்குற வசதி) 'பெர்ஃபார்மன்ஸ்'ல வெச்சு பெஞ்ச்மார்க்கை ஓட்டுங்க. 1440பில அது உள்ளுக்குள்ள 720பிலதான் வரையும். அப்பவும் அதே 68 வந்தா கார்டு மேல எந்தக் குறையும் இல்ல. ரன் மூணு ஓட்டுங்க, முதல் ரன்னைக் கணக்குல சேர்க்காதீங்க.

ரெண்டர்ராசா
720பில யாருங்க கேம் ஆடுறாங்க? 4070 வாங்கினவர் 1440பிலதான் ஆடப்போறார். இந்த மாதிரி டெஸ்ட் எல்லாம் ரிவ்யூ பண்றவங்களுக்குப் படம் போட மட்டும்தான் உதவும்.

பழையசிலிக்கான்
ஆடுறதுக்கு யாரும் 720பி சொல்லல. ஒரு ஃபிரேமுக்குப் பிராசஸர் செய்யுற வேலை கூட்டத்தோட நடமாட்டம், அனிமேஷன், பிசிக்ஸ், டிரா கால் (கார்டுக்கு 'இதை வரை'ன்னு கொடுக்குற கட்டளை) தயாரிக்கிறது. இதுல எதுவுமே பிக்சல் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறி இறங்குறதில்ல. கார்டோட சுமையைக் குறைச்சா பிராசஸரோட உச்சம் எவ்வளவுன்னு வெளியே தெரியும். அதே உச்சம்தான் 1440பிலயும் உங்க மேல்வரம்பு. நாளைக்கு இன்னும் பெரிய கார்டு போட்டாலும் அதைத் தாண்ட முடியாது. அடிப்படை தெரியாம வாதம் பண்ணாதீங்க.

ரெண்டர்ராசா
அடிப்படை எனக்கும் தெரியும். ரே டிரேசிங் போட்டா பிராசஸர் வேலையும் கூடுது, அகலமான மானிட்டர்ல கண்ணுக்குத் தெரியுற பரப்பு கூடினா டிரா காலும் கூடுது. அதனால ஆடுற செட்டிங்லயே அளக்கணும், ரெசல்யூஷனை மட்டும் குறைச்சு, மத்ததை 'லோ'வுக்குத் தள்ளாம. 'லோ'ல வெச்சா கூட்ட அடர்த்தியும் இறங்கிடும், பிராசஸர் டெஸ்ட்டே பொய்யாயிடும்.

ஹீட்சிங்க்
இது சரியான பாயின்ட். 'கிரவுட் டென்சிட்டி' ஹைலயே இருக்கட்டும். இன்னொண்ணு, கேமோட பெஞ்ச்மார்க் பிராசஸருக்குக் கொஞ்சம் லேசானதுதான். ஜிக்-ஜிக் தெரு, டாக்டவுன் சந்தை மாதிரி கூட்டமான இடத்துல ஒரே பாதையில 60 நொடி நடந்து கேப்ஃபிரேம்எக்ஸ்ங்கிற சாஃப்ட்வேர்ல பதிவு பண்ணுங்க. சராசரியோட நிக்காம 1% லோவையும் (மோசமான தருணங்கள்ல எஃப்பிஎஸ் எவ்வளவு இறங்குதுங்கிறது) பாருங்க. ஆனா அந்தப் பேர்ல ரெண்டு கணக்கு உலாவுது. ஒருத்தர் 1% பெர்சன்டைல், அதாவது 99% ஃபிரேம் தாண்டுற எஃப்பிஎஸ்ஸை எடுப்பார், இன்னொருத்தர் மோசமான 1% ஃபிரேமோட சராசரியை எடுப்பார். ரெண்டாவது எப்பவும் குறைச்சலா வரும். யூட்யூப் நம்பரோட ஒப்பிடும்போது எது எதுன்னு பார்த்துக்குங்க.

வேம்பு88
நேரா 5800எக்ஸ்3டி பிராசஸர் போட்டா முடிஞ்சது. அதே ஏஎம்4 போர்டு, 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளயே இருக்கிற வேகமான மெமரி). 5600ல 32 எம்பிதான்.

பழையசிலிக்கான்
காரணம் தெரியாம காசை இறைக்கச் சொல்லாதீங்க. அந்தப் பெரிய கேஷ் செய்யுறது என்ன? ரேமுக்குப் போய்வர்ற வேலையை மிச்சப்படுத்துது. அப்போ முதல்ல இவரோட ரேம் எப்படி ஓடுதுன்னு பார்க்கணும். ஹீட்சிங்க் முதல் பதில்லயே ரேம் ஸ்பீட் கேட்டார், தம்பி இன்னும் சொல்லல.

நைட்சிட்டி_திருச்சி
டிஎல்எஸ்எஸ் பெர்ஃபார்மன்ஸ்ல 69 வந்துது. கார்டு யூசேஜ் 40 சொச்சம். ரேம் 8+8, டிடிஆர்4 3200னு பெட்டியில போட்டிருக்கு. கடையில அசெம்பிள் பண்ணிக் கொடுத்தது.

ஹீட்சிங்க்
68, 69 ரெண்டும் ஒண்ணுதான். கார்டைத் திருப்பிக் கொடுக்காதீங்க.

பெட்டியில 3200னு இருக்கிறது பெரும்பாலும் எக்ஸ்எம்பி (ரேமை பெட்டியில போட்ட வேகத்துல ஓட்டுற செட்டிங்) போட்டாத்தான் வரும். போடாட்டி 2133, 2400, 2666னு ஏதாவது ஒண்ணுல ஓடும். டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்துல ஸ்பீட் பாருங்க. அங்க 'ஸ்லாட் 2/4'னு இருந்தா டூயல் சேனல்னு (ரேம் ரெண்டு பாதையில ஓடுறது) நினைச்சுடாதீங்க, எந்த ரெண்டுன்னு அது சொல்லாது. சிபியு-இசட் சாஃப்ட்வேர்ல மெமரி டேப் திறந்து 'சேனல்' வரியைப் பாருங்க. அதுல தெரியுற ஃபிரீக்வென்சி பாதி கணக்கு, 1066 இருந்தா 2133னு அர்த்தம்.

அப்படியே கேஸைத் திறந்து பாருங்க. பிராசஸர் பக்கத்துலேருந்து எண்ணினா ரெண்டாவதும் நாலாவதும் ஸ்லாட்லதான் ரெண்டு குச்சியும் இருக்கணும், போர்டுல ஏ2, பி2ன்னு அச்சடிச்சிருக்கும். முதல் ரெண்டுல அடுத்தடுத்து சொருகியிருந்தா ரெண்டும் ஒரே சேனல்.

பழையசிலிக்கான்
கணக்கையும் பார்த்துக்குங்க. 2133, சிங்கிள் சேனல்னா விநாடிக்குச் சுமார் 17 ஜிபி. 3200, டூயல்னா 51.2 ஜிபி. மூணு மடங்கு. அதோட ரைசன்ல இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் (பிராசஸரோட உள் இணைப்பு) ரேம் கிளாக்கோட சேர்ந்தே ஓடும். 3200ல அது 1600, 2133ல 1066ஆ இறங்கிடும்.

மாத்தும்போது பவர் கேபிளைக் கழட்டிட்டு மாத்துங்க. மாத்தினதும் முதல் தடவை திரை கொஞ்ச நேரம் கறுப்பாவே நிக்கும், அது மெமரி டிரெயினிங் (போர்டு புது ரேம் அமைப்பைச் சோதிச்சு சரிபண்ணிக்கிறது). பயந்து ஆஃப் பண்ணிடாதீங்க. விண்டோஸ் வந்ததைப் பார்த்துட்டு அப்புறமா பயாஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங் திரை) எக்ஸ்எம்பி போடுங்க. ஆசுஸ் போர்டா இருந்தா டிஓசிபினு இருக்கும். எக்ஸ்எம்பி போட்டதும் பூட் ஆகலைன்னா சிமாஸ் கிளியர் (போர்டு செட்டிங்கை அழிச்சு பழையபடி ஆக்குறது) பண்ணுங்க.

ரெண்டர்ராசா
ரேம் சரி. இருந்தாலும் என்விடியா டிரைவர் டைரக்ட்எக்ஸ் 12ல (கேம் கார்டோட பேசுற முறை) பிராசஸர்கிட்ட கூடுதலா வேலை வாங்கும். அதையும் கணக்குல எடுங்க. அந்த யூட்யூப் வீடியோல எந்த இடம், என்ன கூட்ட அடர்த்தின்னும் யாரும் கேக்கல.

நைட்சிட்டி_திருச்சி
ஒண்ணும் ரெண்டும் ஸ்லாட்லதான் இருந்துச்சு. ஸ்பீட் 2133. மாத்தி எக்ஸ்எம்பி போட்டாச்சு, பெஞ்ச்மார்க் 97. கார்டு என்கிட்டயே இருக்கட்டும். நன்றி ப்ரோஸ்.

ஹீட்சிங்க்
நல்லது. இது 1440பி நேட்டிவா (டிஎல்எஸ்எஸ் இல்லாம), டிஎல்எஸ்எஸ்ஸா? கார்டு யூசேஜ் இப்போ எவ்வளவு? நேட்டிவ்ல 97%க்கு மேல போயிருந்தா தடை கார்டு பக்கம் மாறிடுச்சு. ஜிக்-ஜிக் தெருவுல 1% லோவும் எடுத்துப் போடுங்க, இதே கேள்வியோட அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.

வேம்பு88
5800எக்ஸ்3டி போட்டா இன்னும் ஏறும் ப்ரோ, பாருங்க.

பழையசிலிக்கான்
ஹீட்சிங்க் கேட்டதுக்கு முதல்ல பதில் வரட்டும். நேட்டிவ்ல கார்டு 97% தொட்டிருந்தா, ஆடுற செட்டிங்ல அந்த 5800எக்ஸ்3டி ஒரு ஃபிரேம்கூட சராசரியைக் கூட்டாது.