ஊர் கேபிள் சேனலில் மாணவர் பாட்டு: வாய்ப்பா, ஓசிச் சரக்கா?

தறிமேடை:
சங்கரன்கோவில் பக்கம் எங்கள் கேபிள் சேனலில் ஞாயிறு இரவு அரை மணி நேரத்தை மாணவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். சொல்லும் மெட்டும் சொந்தமாக இருக்க வேண்டும், சினிமாப் பாட்டு கூடாது என்பதுதான் நிபந்தனை. போன வாரம் ஒரு கல்லூரி மாணவி விசைத்தறி ஓட்டும் அப்பாவைப் பற்றிப் பாடினாள். தபேலா கிடையாது. தறிச் சத்தத்தை செல்போனில் பதிந்து வந்து அதையே தாளமாக ஓடவிட்டாள். நூல் அறுந்து தறி நிற்கிற இடத்தில் பாட்டும் சட்டென்று நின்றது. எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம்; தறிக்காரர்களுக்கு அது புரியும்.

பெரிய சேனல்களின் போட்டிகளில் நன்றாகப் பாடுகிற பிள்ளைக்கு இடம் இருக்கிறது, எழுதுகிற பிள்ளைக்கு இல்லை. எல்லா ஊர்ச் சேனலும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

ரீவைண்ட்:
கேபிளை இப்போது யார் பார்க்கிறார்கள் அண்ணே? நகைக்கடை விளம்பரம், கீழே கண்ணீர் அஞ்சலி, நடுவில் இந்தப் பிள்ளைகளா? யூடியூபில் போட்டால் துபாயில் இருக்கிற சித்தப்பாவும் கேட்பார். யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

தறிமேடை:
போட்டால் சித்தப்பா மட்டும்தான் கேட்பார், அதுதான் சிக்கலே. விளம்பரப் பணத்தில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர், ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வை என்று கேட்கிறார்கள். பணத்தை விடுங்கள், யூடியூபில் தேடுகிறவனுக்குத்தான் பாட்டு கிடைக்கும். ஆடித்தபசுத் திருவிழா நேரலைக்காக இந்தச் சேனலை வைத்துப் பழகிய ஆச்சிகள் எதையும் தேட மாட்டார்கள், ஆனால் வந்ததைக் கேட்பார்கள். மறுநாள் கடைத்தெருவில் "நீதானே பாடினது?" என்று நிறுத்திக் கேட்பார்கள்.

சுருதிப்பெட்டி:
நானும் அந்தப் பாட்டைப் பார்த்தேன். பல்லவி அருமை. சரணத்தில் "என்னைப் படிக்க விடு" என்று எழுதியிருக்கிறாள். மெட்டு இழுத்த இழுப்பில் "படிக்க வீடு" என்று கேட்டது. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து, "குறிலில் நீட்டாதே அம்மா" என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகியிருக்கும்.

வானொலி மெல்லிசைக்குப் பாடப் போனவர்களுக்குத் தெரியும், முதலில் குரல் தேர்வு, அப்புறம் கிரேடு, அதற்கேற்ற சன்மானம். திருப்பி அனுப்பினால் வலிக்கும். ஆனால் அடுத்த தடவை தயாராகிப் போவோம். இங்கே தேர்வும் இல்லை, சன்மானமும் இல்லை. கேமரா முன் நிற்க வைத்துக் கைதட்டி அனுப்பினால் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்?

தறிமேடை:
அண்ணாச்சி, சன்மானம் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் தேர்வு வைத்தால் யார் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் மட்டும்தான். தறிச் சத்தத்தை எடுத்து வந்தவள் வாசலிலேயே திரும்பியிருப்பாள்.

மீட்டர்வட்டி:
குறில் நெடிலெல்லாம் அப்புறம். கையெழுத்து வாங்குகிற படிவத்தை யாராவது படித்தீர்களா? என் தங்கை மகன் கொண்டுவந்து காட்டினான். "பாடலின் அனைத்து உரிமைகளும், அனைத்து ஊடகங்களிலும், நிரந்தரமாகச் சேனலுக்கே." நாளைக்கு அவனே அதே பாட்டை யூடியூபில் ஏற்றினால், சேனல் உரிமை கோரி நிறுத்தலாம்.

நம் காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடல் எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் தங்களுக்குரிய சமபங்கை நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. சினிமாவில் இத்தனை காலம் ஏமாந்ததற்குப் பிறகு வந்த திருத்தம் அது. அவனுக்கு வயது 16, அவன் போடுகிற ஒப்பந்தமே செல்லாது; பெற்றோர்தான் கையெழுத்திட வேண்டும். பெற்றோரோ பிள்ளை டிவியில் வருகிறான் என்ற சந்தோஷத்தில் படிக்காமலே போட்டுவிடுகிறார்கள்.

தறிமேடை:
விளக்கு, கேமரா, எடிட்டிங் எல்லாம் சேனல் செலவு சார். அவர்களுக்கும் ஏதாவது வேண்டாமா?

மீட்டர்வட்டி:
தாராளமாக. ஒளிபரப்ப அனுமதி, மறு ஒளிபரப்புக்கு அனுமதி, இவ்வளவு போதுமே. வாடகைக்கு வந்தவன் பத்திரத்தை ஏன் கேட்கிறான்? காலம், எல்லை இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். "நிரந்தரமாக" என்று தெளிவாகப் போட்டிருப்பதைப் பார்த்தால், எழுதியவருக்கு இது நன்றாகத் தெரியும் போலிருக்கிறது.

ரீவைண்ட்:
யூடியூப் என்று முதலிலேயே சொன்னேன்.

சுருதிப்பெட்டி:
தம்பி, அங்கேயும் ஒரு நிபந்தனைப் பட்டியலுக்குச் சம்மதம் கொடுத்துத்தான் உள்ளே போகிறீர்கள், ஒரு வரி படித்திருப்பீர்களா? மீட்டர்வட்டி சொல்வது சரி, ஆனால் இத்தோடு முடியவில்லை. படிவத்தைத் திருத்திவிட்டால் பாட்டு திருந்திவிடாது. ஊரில் ஓய்வுபெற்ற இசையாசிரியர்கள் இருக்கிறார்கள். ஒளிபரப்புக்கு முதல் நாள் ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் போதும். தேர்வு வேண்டாம் என்கிறீர்கள், சரி, திருத்தமாவது வேண்டும்.

தறிமேடை:
திருத்துகிற ஆள் அந்தத் தறிச் சத்தத்தை எடுத்துவிட்டுத் தபேலா வைக்கச் சொல்வார். அந்தப் பயம் எனக்குப் போகாது. படிவ விஷயத்தை சனிக்கிழமை ஸ்டுடியோவுக்கு நேரில் போய்க் கேட்கிறேன். மீட்டர்வட்டி சார், நீங்கள் சொன்ன அனுமதி வாசகத்தை நாலு வரியில் எழுதித் தாருங்கள்.

மீட்டர்வட்டி:
இன்று இரவு அனுப்புகிறேன். பிள்ளைகளுக்கு ஒரு பிரதி கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். என் மருமகனுக்குத் தரவில்லை.

ரீவைண்ட்:
எல்லாம் சரி, அந்தத் தறிப் பாட்டுக்கு லிங்க் இருக்கிறதா?

தறிமேடை:
லிங்க் கிடையாது. புதன் மாலை மறு ஒளிபரப்பு உண்டு. வீட்டில் செட்டாப் பாக்ஸ் இருக்கிறதா?