ஜிலின் நகரில் உறைபனிப் பூ பார்க்க ஒரு இரவு போதுமா?

வடகாற்று:
ஜனவரி மூன்றாம் வாரம் வடகிழக்குச் சீனாவில் ஹார்பினிலிருந்து ஜிலின் நகருக்குப் போகத் திட்டம். சோங்குவா ஆற்றங்கரை மரங்களில் படியும் உறைபனிப் பூ, அதாவது சீனர்கள் சொல்லும் வூசோங்தான் குறி. ஒரு இரவு தங்கினால் போதுமா? மைனஸ் 25இல் ஆறு உறையாமல் ஓடுவது எப்படி? கேமராவை எப்படிக் காப்பாற்றுவது?

ஆற்றுமணல்:
ஒரு இரவு போதவே போதாது. மூன்று வையுங்கள். பனிப்பொழிவு வேறு, வூசோங் வேறு. ஆற்றின் மேல்போக்கில், நகரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் ஃபெங்மான் அணை இருக்கிறது. குளிர்காலத்தில் அணை ஏரியின் மேற்பரப்பு உறைந்து கிடக்கும். அடிநீர் மட்டும் 4 டிகிரியை ஒட்டி இருக்கும். மின்சாரத்துக்காகத் திறந்துவிடுவது அந்த அடிநீரைத்தான். அதனால் நகரைத் தாண்டியும் ஆறு உறைவதில்லை. இரவில் காற்று மைனஸ் 20க்குக் கீழே போனால் ஆற்றிலிருந்து ஆவி எழும்பி, கரையோர வில்லோ மரங்களில் பட்டதும் உறைந்துவிடும். கிட்டப்போய்ப் பாருங்கள்: சின்னக் குச்சியில்கூட உப்புப் பூத்தாற்போல ஊசி ஊசியாக நிற்கும், விரல் பட்டால் பொலபொலவென்று உதிரும். பலமான காற்றும் அதையே செய்யும். எனவே முந்தின இரவே வானிலை பாருங்கள். மேகமில்லாத வானம், மைனஸ் 20க்குக் கீழ், வானிலை அறிக்கையின் காற்று வேக அளவில் 3ஆம் நிலைக்குள், அதாவது மெல்லிய காற்று. மூன்றும் சேர்ந்தால் கிளம்பலாம்.

கரையோரவாசி:
நேரம்தான் பலர் கோட்டைவிடும் இடம். அப்போது விடிவது ஏழு மணி வாக்கில். பத்து, பதினொன்றுக்குள் வெயில் பட்டு எல்லாம் உதிர்ந்துவிடும். வூசோங் தீவு நகருக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர். விடியும்போது அங்கே நிற்க வேண்டுமானால் ஐந்தரைக்கே வண்டி ஏறணும். அதைவிட, தீவுக் கிராமத்திலேயே அடியில் சூடேற்றும் காங் படுக்கை உள்ள வீட்டில் ஒரு இரவு தங்குவது நல்லது. சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும்.

விமானத்தில் வருபவர்கள் மாகாணத் தலைநகரான சாங்சுன் ஊருக்குள் போக வேண்டாம். அந்த ஊரின் லோங்ஜியா விமான நிலையத்திலேயே ஜிலினுக்கு அதிவேக ரயில் நிற்கிறது. ஜிலின் என்பது மாகாணத்துக்கும் பெயர், நகரத்துக்கும் பெயர். விடுதி பதியும்போது கவனம்.

பனிக்கண்ணாடி:
உடம்போடு ஒட்டும் உடை பருத்தியாக இருக்கக் கூடாது, வியர்வையைப் பிடித்துக்கொண்டு குளிரும். கம்பளி அல்லது செயற்கை இழை, அதன்மேல் ஃபிளீஸ், அதன்மேல் இறகு ஜாக்கெட். பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். காற்றுப் பட்டால் சூடாகும் சூட்டுப்பையை இறுக்கமான பூட்ஸுக்குள் வைத்தால் அதற்குக் காற்று கிடைக்காது, சரியாகச் சூடேறாது. அதை வெறும் தோலிலும் ஒட்டாதீர்கள், புண்ணாகிவிடும்.

கேமராவைப் பொறுத்தவரை, கெடுவது வெளியே இல்லை, அறைக்குள் நுழையும்போது. வெளியிலேயே ஜிப் பைக்குள் போட்டு மூடி, உள்ளே வந்து இரண்டு மணி நேரம் திறக்காமல் வையுங்கள். இல்லையென்றால் லென்ஸுக்குள் ஈரம் கோக்கும். மாற்று பேட்டரி உள்சட்டைப் பையில் இருக்கட்டும். ஃபோன் குளிரில் அணைந்தால் பணம் கட்டவும் வழியில்லை, கொஞ்சம் யுவான் நோட்டு கையில் இருக்கணும். சீன உள்நாட்டு விமானத்தில் 3சி எனும் சீனாவின் கட்டாயத் தரச்சான்று முத்திரை இல்லாத பவர்பேங்க்கை விடமாட்டார்கள்.

வடகாற்று:
மூன்று இரவாக மாற்றிவிட்டேன், நன்றி. காற்றடிக்கிற நாளில் என்ன செய்வது?

ஆற்றுமணல்:
1976 மார்ச் 8இல் இங்கே விழுந்த விண்கல் மழையின் மிகப் பெரிய துண்டு, 1,770 கிலோ, நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குப் போங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். சீனாவில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை.