மார்கழியில் ரொறன்ரோவிலிருந்து ரொக்கி மலைக்கு வாகனத்தில் போகலாமா?

கேட்பவர்: கொக்குவில் தபாலதிபர்

அனைவருக்கும் வணக்கம். நான் கொக்குவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர், வயது அறுபத்தாறு. ஸ்காபரோவில் இருக்கும் மகளிடம் நானும் மனைவியும் கார்த்திகைக் கடைசியில் செல்ல இருக்கிறோம், விசாவும் கிடைத்துவிட்டது. நத்தார் விடுமுறையில் எங்களையும் பேரப்பிள்ளைகள் இருவரையும் தமது ஏழு இருக்கை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு, ரொறன்ரோவிலிருந்து ரொக்கி மலைத்தொடரிலுள்ள பான்ஃப் வரை தரைவழியாகவே போய்வர மருமகன் திட்டமிட்டிருக்கிறார். ஒரு வழிப் பயணம் மட்டும் ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் என்றும், நான்கு நாட்களில் போய்ச் சேரலாம் என்றும் சொல்கிறார். இங்கிருந்து கொழும்புக்குப் போகும் 400 கிலோமீற்றரிலேயே இடுப்பு விட்டுப்போகிற எனக்கு, அதைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு என்றதும் தயக்கமாக இருக்கிறது.

பனிமலையைப் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. மருமகனின் உற்சாகத்தைக் கெடுக்கவும் மனம் வரவில்லை. ஆனால் மனைவிக்கு நீரிழிவு, இன்சுலின் போடுகிறார். நுவரெலியாவுக்குப் போயிருந்தபோதே இரவு முழுவதும் நடுங்கியவர், அந்த உயரமான மலையில் மூச்சுமுட்டுமோ என்றும் பயப்படுகிறார். நாற்பது வருடம் ஏ9 வீதியில் வாகனம் ஓட்டியவன் என்ற முறையில், மருமகனுக்குக் கைமாற்றாக நானும் சிறிது தூரம் ஓட்டலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1: காரைநகர் லொறிக்காரன்

வணக்கம் ஐயா. நான் பதினான்கு வருடமாக ரொறன்ரோவுக்கும் கல்கரிக்கும் இடையே லொறி ஓட்டுகிறவன். எல்லோரும் மலையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் இந்தப் பயணத்தின் ஆபத்தான பகுதி மலைக்கு மிக முன்னரே, ஒன்ராறியோ மாகாணத்துக்குள்ளேயே இருக்கிறது. சூ செயின்ற் மேரியிலிருந்து தண்டர் பே வரை சுப்பீரியர் ஏரியின் வடகரையைச் சுற்றிப் போகும் 17ஆம் இலக்கப் பெருந்தெரு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் நீளமானது. அதன் பெரும்பகுதி, நடுவில் தடுப்பு இல்லாத இருவழிப் பாதை. நமது இலங்கைத் தீவையே தூக்கி உள்ளே வைக்கக்கூடிய அளவு பெரிய அந்த ஏரி மார்கழியில் உறைந்திருப்பதில்லை. அதனால் குளிர்காற்று ஏரிநீரின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டும். பத்து நிமிடத்துக்கு முன் வெயில் அடித்த இடத்தில் திடீரென முன்னால் போகும் வாகனத்தின் பின்விளக்குக்கூடத் தெரியாது. அப்போது வீதியை மூடிவிடுவார்கள். வாவா என்ற சிற்றூருக்கு இந்தப் பக்கம் மறித்தார்கள் என்றால் சுற்றிப் போகக் கிட்டடியில் வேறு வீதி இல்லை. திறக்கும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். இரண்டு தடவை அப்படி நான் லொறிக்குள்ளேயே விடியும்வரை இருந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் படுக்கை இருந்தது, அடுப்பும் இருந்தது. ஐந்தாறு பேரோடு காரில் இருப்பவர்களின் நிலை வேறு.

ஆகவே நான்கு நாட்கள் என்பது ஒரு தடங்கலும் இல்லாவிட்டால் மட்டும் சரிவரும் கணக்கு. அதுவும் மார்கழியில் அந்தப் பக்கங்களில் எட்டு மணித்தியாலம் அளவுதான் பகல் வெளிச்சம். மிச்சத்தை இருட்டில் ஓட்டினால் மூஸ் என்ற பெரிய மானினம் வீதிக்கு வரும். உயரமான அதன் கருமையான உடலில் முன்விளக்கின் ஒளி பட்டுத் தெரிவதற்குள் வாகனம் கிட்டப் போய்விடும்.

என் ஆலோசனை இதுதான்: ரொறன்ரோவிலிருந்து கல்கரிக்கு விமானத்தில் போங்கள், நான்கரை மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். கல்கரியிலிருந்து பான்ஃப் 130 கிலோமீற்றர் மட்டுமே. அகலமான, நடுவில் பிரிக்கப்பட்ட நான்குவழி வீதி. நீங்கள் பார்க்க விரும்பும் மலையும் அந்த வழியிலேயே முன்னால் எழுந்து வரும். நீங்கள் ஓட்டுவதைப் பற்றி: தயவுசெய்து வேண்டாம் ஐயா. நாற்பது வருடம் இடப்பக்கம் ஓட்டிய கை, வலப்பக்கத்துக்கே பழக நாட்கள் எடுக்கும். அதன்மேல் பனியில் சறுக்கும்போது பழைய பழக்கத்தில் பிரேக்கை அமத்தத் தோன்றும். வழுக்கும் தரையில் அதைச் செய்யவே கூடாது.

பதில் 2: நல்லூர்த் தாதி

அண்ணை, நான் ஓய்வுபெற்ற தாதி. மகன் வினிபெக்கில் இருப்பதால் இரண்டு குளிர்காலம் அங்கே தங்கியிருக்கிறேன். அக்காவின் இன்சுலினைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே நாம் பயப்படுவது வெயிலுக்குத்தான், அங்கே நிலைமை தலைகீழ். இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால், பிறகு உருகிப் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும், அதைப் பயன்படுத்தக் கூடாது. அதன் வீரியம் போயிருக்கும். ஹோட்டலுக்குள் போகும்போது பையை வாகனத்தில் விட்டுப் போனால், பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை இரவில் காலைக்குள் எல்லாம் கல்லாகிவிடும். விமானத்திலும் அதைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். வெளியே நடக்கும்போது ஜக்கெற்றின் உட்புறப் பையில், உடம்போடு ஒட்டி இருக்கட்டும். சீனி பார்க்கும் கருவியும் குளிரில் வேலை செய்ய மறுக்கும் அல்லது பிழையாகக் காட்டும். உள்ளே வந்து கொஞ்ச நேரம் வைத்த பிறகு பாருங்கள். கால் விரல்களில் உணர்ச்சி குறைந்தவராக இருந்தால், குளிர் கடித்ததே அவருக்குத் தெரியாமல் போகலாம். ஆகையால் இரவில் காலுறையைக் கழற்றி நீங்களே விரல்களைப் பார்த்துவிடுங்கள்.

மூச்சு விடயத்தில் அக்காவுக்கு ஆறுதல் சொல்லுங்கள். பான்ஃப் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,380 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. நுவரெலியாவோ 1,860 மீற்றருக்கும் மேலே. அவர் ஏற்கெனவே அதைவிட உயரத்தில் படுத்து எழும்பியவர்தான். அங்கே பனி கொட்டுவதற்கு உயரத்தைவிட, 51 பாகை வட அகலாங்கில் கிடப்பதே பெரிய காரணம்.

பதில் 3: சாவகச்சேரிப் பொடியன், இப்போது கல்கரி

லொறிக்கார அண்ணை சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் கல்கரிக்கு வந்து இறங்கியதும் எல்லாம் சுலபம் என்று மட்டும் எண்ண வேண்டாம். வாடகை வாகனத்துக்குக் குளிர்கால ரயர் தானாக வந்துவிடாது. பதிவு செய்யும்போதே கேட்டு எழுதி வாங்க வேண்டும். ரயரின் பக்கச்சுவரில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்க வேண்டும். சாதாரண ரயரின் ரப்பர், வெப்பநிலை ஏழு பாகைக்குக் கீழே இறங்க இறங்க இறுகிப்போய் வீதியைப் பிடிக்காது.

போன வருடம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முன்கண்ணாடி கழுவும் நீர் முடிந்துவிட்டதென்று ஒரு கடையில் மலிவாக இருந்த நீலப் போத்தலை வாங்கி ஊற்றினேன். அது கோடைகாலத்துக்கு உரியது என்பதைக் கவனிக்கவில்லை. கல்கரி தாண்டியதும் முன்னால் போன லொறி எறிந்த உப்புச் சேறு கண்ணாடி முழுவதும் வெள்ளையாகப் படிந்தது. நீரை அடித்தால் ஒரு துளியும் வரவில்லை, குழாய்க்குள்ளேயே உறைந்துவிட்டது. என் மனைவி யன்னலைத் திறந்து குடிநீர்ப் போத்தலை எட்டி ஊற்றினார். அந்தத் தண்ணீர் கண்ணாடியில் வழிந்தபடியே ஐஸ் கட்டியாக நின்றது. பக்க யன்னலால் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே ஓரத்துக்கு எடுத்தேன். பூச்சியத்துக்குக் கீழே நாற்பது என்று போத்தலில் போட்டிருப்பதை வாங்குங்கள்.

இன்னொன்று, எங்கள் ஊரில் சினூக் என்ற சூடான காற்று மலையிலிருந்து இறங்கும்போது சில மணித்தியாலங்களில் வெப்பநிலை இருபது பாகைகூட ஏறிவிடும். பனி உருகி நீராகும், இரவில் திரும்ப உறையும். ஈரமான தார் போலத் தோன்றும் அந்தக் கண்ணாடிப் பனி பாலங்களில் முதலில் பிடிக்கும், ஏனெனில் அவற்றின் அடியிலும் குளிர்காற்று ஓடுகிறது. லேக் லூயிஸ் ஏரி வரை போய் உறைந்த ஏரியைப் பார்த்துத் திரும்புவது போதும். அங்கிருந்து ஜாஸ்பருக்குப் போகும் 230 கிலோமீற்றர் மலைவீதி அழகுதான், ஆனால் குளிர்காலத்தில் இடையில் பெற்றோல் இல்லை, கைத்தொலைபேசியும் எடுக்காது. முதியவர்களோடு அதைத் தவிருங்கள். பின்பெட்டியில் ஒரு சவளும் போர்வைகளும், பிளாஸ்க்கில் இஞ்சிப் பிளேன்ரீயும் வைத்துக்கொள்ளுங்கள். எங்காவது பனியில் சிக்கினால், சூட்டுக்காக எஞ்சினைப் போடுவதற்கு முன் இறங்கிப்போய்ப் புகைக்குழாயை அடைத்திருக்கும் பனியைத் தோண்டி எடுங்கள். இல்லாவிட்டால் அந்த நச்சுப்புகை வாகனத்துக்குள் வந்துவிடும். அதிலுள்ள காபன் மொனொக்சைட் வாயு மணமே இல்லாதது, யாருக்கும் தெரியாது.

ரயில் ஆசை இருந்தால்: ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்குப் போகும் ரயில் ஜாஸ்பர் வழியாகத்தான் போகிறது, பான்ஃப் பக்கம் வராது.

மீண்டும் கொக்குவில் தபாலதிபர்

உங்கள் எல்லோருக்கும் மிகவும் நன்றி. பதில்களை அப்படியே மருமகனுக்கு அனுப்பினேன். முதலில் சற்றுக் கோபித்துக்கொண்டார். வாகனத்தைத் தானே சொந்தமாக வைத்திருக்கும்போது வாடகைக்கு எதற்கு என்று கேட்டார். சுப்பீரியர் ஏரிப் பகுதியை வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்த பிறகு, நேற்றிரவு கல்கரிக்கு விமானச் சீட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். நான் ஓட்டுவதில்லை என்று முடிவாகிவிட்டது. மனைவி மட்டும், நுவரெலியாவைவிடத் தாழ்ந்த இடத்துக்குப் போவதற்கு இத்தனை உடுப்பா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

காரைநகர் லொறிக்காரன்

நல்லது ஐயா. கல்கரியில் வாகனத்தை எடுத்ததும், புறப்படுவதற்கு முன் நான்கு ரயர்களின் பக்கச்சுவரையும் படம் எடுத்து இங்கே போடுங்கள். நான் வழியில் எங்கே நின்றாலும் பார்த்துச் சொல்கிறேன்.