மார்ட்கேஜோட தலையில கட்டின இன்ஷூரன்ஸ், புகாரையும் பேங்க் தள்ளியாச்சு, இனி என்ன செய்ய?

கருங்கல் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம், யாராவது சீக்கிரம் பதில் சொல்லுங்க, ராத்திரி உறக்கமே இல்ல. வீடு வாங்கும்போ பேங்க் அட்வைசர் லோனோட ஒரு இன்ஷூரன்ஸும் போட்டு தந்தாரு, வேல போனாலோ உடம்புக்கு முடியாம ஆனாலோ மாச தவணைய அவங்களே கட்டுவாங்கன்னும், இத எடுத்தாதான் லோன் பாஸ் ஆகும்னும் சொன்னாரு. நாங்க புதுசா வந்தவங்க, லோன் கிடைச்சா போதும்னு இருந்தோம், அப்பா ஊர்ல ரப்பர் விளைய, அதான் தோட்டத்த, வித்துதான் டெபாசிட்டுக்கே பைசா அனுப்புனாவ. இப்பம் எனக்க வீட்டுக்காரருக்கு முதுகுல ஆப்பரேஷன் ஆகி வேலைக்கு போக முடியல. கிளெய்ம் கேட்டா, பாலிசி எடுக்கதுக்கு முன்னாலயே முதுகுவலி உண்டு, அதனால கிடையாதுன்னுட்டாவ. சரின்னு, தப்பா சொல்லி வித்தீங்கன்னு பேங்க்ல புகார் குடுத்தோம், அதையும் தள்ளி லெட்டர் வந்தாச்சு, நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க, பேப்பர் எல்லாம் தந்திருக்கோம், நாங்க விவரம்தான் சொன்னோம் அட்வைஸ் பண்ணலன்னு எழுதியிருக்காவ. மேல போனா விசாவுக்கு ஏதாவது வருமோன்னு அவரு பயப்படுதாரு. அடுத்த மாச தவணைக்கு என்ன செய்யன்னு தெரியல.

கொளச்சல்காரன்:
தங்கச்சி பயப்படாண்டாம். இங்க கனடால இது சாதாரணம். பேங்க் 56 நாளுக்குள்ள பதில் சொல்லணும், அது திருப்தி இல்லன்னா ஓபிஎஸ்ஐக்கு போங்க, 2024 நவம்பர் 1-லேர்ந்து எல்லா பேங்குக்கும் வெளிய உள்ள புகார் அமைப்பு அது ஒண்ணுதான். லோன் வேணும்னா இன்ஷூரன்ஸும் எடுன்னு நெருக்குறது இங்க பேங்க் சட்டத்துலயே தடை. நான் வந்த வருஷம் ஜனவரியில பேஸ்மென்ட்ல ஹீட்டர் ஓடாம ஜாக்கெட்டோட படுத்திருக்கேன், அப்பமும் ஒரு பேங்க்ல கிரெடிட் கார்டுக்கு பேலன்ஸ் இன்ஷூரன்ஸ்னு ஒண்ணு சேத்து விட்டிருந்தாவ, மாசாமாசம் பிடிச்சிட்டே இருந்தாவ. போன்ல கத்தினாதான் நிறுத்துவாவ, தன்மையா பேசினா ஒண்ணும் நடக்காது.

தக்கலை அண்ணன்:
கத்தினா ஒண்ணும் நடக்காது தம்பி, எழுத்துல குடுக்கணும். ஆஸ்திரேலியால 2018 நவம்பர்லேர்ந்து ‘ஆஃப்கா’ன்னு ஒரே புகார் அமைப்பு, பேங்க், இன்ஷூரன்ஸ், சூப்பர்ங்க ஓய்வுகால நிதி எல்லாத்துக்கும். அரசாங்கம் வச்ச ராயல் கமிஷன் விசாரணைல இந்த லோன் இன்ஷூரன்ஸ் கூத்தெல்லாம் வெளிய வந்த பிறகு சட்டமே மாத்தியாச்சு, 2021 அக்டோபர் 5-லேர்ந்து லோன் குடுத்த கையோட இன்ஷூரன்ஸ் விக்க முடியாது, இடையில 4 நாள் விடணும். அந்த சட்டம் எல்லா நாட்டுலயும் வரணும். நாங்க வந்த புதுசுல வாடகை வீடு கிடைக்கவே அவ்வளவு பாடு, ரெஃபரன்ஸ் கேப்பாவ, முந்தின வீட்டுக்காரன் லெட்டர் கேப்பாவ, அப்பம்தான் பிளேன் இறங்கியிருக்கோம், யாருட்ட போய் லெட்டர் வாங்க?

மார்த்தாண்டம் மச்சான்:
நர்ஸ் குடும்பம் மாதிரி தெரியுது, அப்பம் யூகேயாதான் இருக்கும். யூகேன்னா இந்த தவணை இன்ஷூரன்ஸுக்கு பேரு பிபிஐ. 2019 ஆகஸ்ட் 29-ஓட அதுக்கு புகார் குடுக்குற கெடு முடிஞ்சு போச்சு, அதுக்கு பிறகு எவனும் எடுக்க மாட்டான். மனச விட்டுருங்க. அந்த மாச பிரீமியத்த நிறுத்திட்டு தவணைய பாருங்க.

குலசேகரம் ரப்பர்:
விடதுக்கு இது சின்ன காரியமா? ஒரு விளைய வித்த பைசா! ரப்பர் விலை கிடக்க கிடப்புல அந்த அப்பா என்ன பாடுபட்டு அத வச்சிருந்திருப்பாரு. நாகர்கோவில்ல நுகர்வோர் கோர்ட்ல ஒரு கேஸ் போட முடியாதா? எங்க மாமாவுக்கு ஒரு இன்ஷூரன்ஸ் விஷயத்துல அங்கதான் நியாயம் கிடைச்சுது.

தக்கலை அண்ணன்:
அங்க உள்ள பேங்க், அங்க போட்ட ஒப்பந்தம், நாகர்கோவில்ல போட்டு என்ன பிரயோஜனம்?

கொளச்சல்காரன்:
அவரு சொல்லதுலயும் ஒரு நியாயம் உண்டு. ஊர்ல பேங்குக்கு போனா மேனேஜர் முகத்த பாத்து கேக்கலாம், தெரிஞ்ச ஆளு ஒருத்தராவது இருப்பாரு. இங்க கிளைய எல்லாம் மூடிட்டு ஆப்புல பேசுன்னு சொல்லுதாவ. ஆப்புல உள்ளவனுக்கு நம்ம பேர கூட சொல்ல வரல. குளிருக்குள்ள வந்து கெடந்து, ஓவர்டைம் பாத்து, வீட்ட வாங்கினா அதுலயும் இப்பிடி. எல்லா பேங்கும் ஒரே மாதிரிதான்.

மார்த்தாண்டம் மச்சான்:
ஏஜென்ட்டும் அப்பிடித்தான். வேலைக்கு கூட்டிட்டு வந்த ஏஜென்ட் ஒரு சம்பளம் சொன்னான், இங்க வந்து பாத்தா பிடித்தம் போக பாதி. வாடகை, கவுன்சில் டேக்ஸ், பஸ் பாஸ், பிள்ளைக்கு சைல்ட்மைண்டர். ஊர்ல உள்ளவங்க நாம பவுண்டுல புரளுதோம்னு நெனைக்காவ.

நாகர்கோவில் அக்கா:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க, பிள்ளை தவணைக்கு வழி தெரியாம கேக்குதா. பிள்ளே, நான் இங்க இங்கிலாந்துல சிட்டிசன்ஸ் அட்வைஸ்னு இலவசமா ஆலோசனை சொல்லுற அமைப்புல வாலண்டியரா இருக்கேன். நாலு விஷயம் சொல்லு. எந்த நாடு? பாலிசி எந்த வருஷம்? வித்தது பேங்க் ஆளா, வெளி புரோக்கரா? பேங்க் லெட்டர்ல ஃபைனல் ரெஸ்பான்ஸ்னு எழுதியிருக்கா, என்ன தேதி போட்டிருக்கு?

கருங்கல் பிள்ளை:
அக்கா, இங்கிலாந்துதான், லெஸ்டர் பக்கம். பாலிசி 2022-ல எடுத்தது. பேங்க்லயே வச்சு வித்தது, அவங்க ஆளுதான். லெட்டர்ல ஃபைனல் ரெஸ்பான்ஸ்னு தலைப்புலயே உண்டு, வந்து மூணு மாசத்துக்கு மேல ஆவுது, ஆப்பரேஷன் அலைச்சல்ல அப்பிடியே வச்சிருந்தோம். அவருக்கு வேர்ஹவுஸ்ல வேல, நான் ஆஸ்பத்திரில நர்ஸ்.

நாகர்கோவில் அக்கா:
அப்பம் வழி இருக்கு, ஆனா நாள் ஓடிட்டு இருக்கு. அந்த லெட்டர் தேதிலேர்ந்து 6 மாசத்துக்குள்ள ஃபைனான்ஷியல் ஒம்பட்ஸ்மேன்ட்ட, அதான் பேங்க், இன்ஷூரன்ஸ் புகார விசாரிக்குற வெளி அமைப்புட்ட, போயிரணும், அது தாண்டினா பேங்க் சம்மதிக்காம பொதுவா எடுக்க மாட்டாவ. லெட்டரோட கடைசி பக்கத்துலயே இது எழுதியிருக்கும், பாரு. பேங்க் சொன்ன ‘ஃபைனல்’ அவங்களுக்குத்தான் ஃபைனல், உனக்கு இல்ல. இதுக்கு ஒரு பைசா செலவு கிடையாது, அதனால கமிஷன் எடுத்து கேஸ் நடத்தி தாறோம்னு போன் பண்ணுறவங்கள்ட்ட குடுத்துராத, ஜெயிச்சா அதுல ஒரு பங்க அவங்க எடுத்துக்கிடுவாவ.

மச்சான் சொன்ன 2019 கெடு உனக்கு பொருந்தாது. அது பழைய பாலிசிகளுக்கு வச்சது, 2017 ஆகஸ்ட் 29-க்கு பிறகு வித்ததுக்கு சாதாரண கெடுதான், வித்த நாள்லேர்ந்து 6 வருஷம். 2022-ன்னா தாராளமா உள்ள வருது.

இனி முக்கியமா ஒண்ண கேளு, இதுல நிறைய பேரு குழம்புவாவ. உனக்க கையில இருக்கது ரெண்டு புகார். கிளெய்ம் தரலங்கது இன்ஷூரன்ஸ் கம்பெனி மேல, தப்பா வித்தாவங்கது பேங்க் மேல. நீ பேங்க்ல மட்டும்தான் குடுத்திருக்க. தப்பா வித்தது உண்மைன்னு தீர்ப்பு வந்தா பெரும்பாலும் கட்டின பிரீமியத்த வட்டியோட திருப்பி தருவாவ, அவ்வளவுதான். கிளெய்ம் ஜெயிச்சா மாசாமாசம் தவணை பணம் வரும், இந்த மாதிரி பாலிசில பொதுவா ஒரு வருஷம் வரைக்கும். உனக்க இப்பத்த நெருக்கடிக்கு கிளெய்ம்தான் பெரிசு. அதனால முதல்ல இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல புகார் குடு, அவங்களுக்கு 8 வாரம் டைம், அதுக்குள்ள பதில் வரலன்னாலும் தள்ளினாலும் அதையும் ஒம்பட்ஸ்மேன்ட்ட கொண்டு போலாம். அவங்க உடம்பு பத்தி என்ன கேள்வி கேட்டாவ, அவரு என்ன பதில் சொன்னாருங்கது முக்கியம். 2012-ல வந்த சட்டப்படி கம்பெனிதான் தெளிவா கேக்கணும், கேக்காத விஷயத்த நாமளா தேடி சொல்லணும்னு இல்ல. ஆனா இந்த வகை பாலிசில ஒண்ணுமே கேக்காம, முன்னாலயே உள்ள நோய்க்கு கிடையாதுன்னு ஒரு வரி மட்டும் போட்டு வச்சிருப்பாவ. அப்பிடி இருந்தா கிளெய்ம் பக்கம் கஷ்டம், ஆனா வித்தது தப்புங்கது பலமாயிரும், ஏன்னா அந்த வரிய எடுத்து காட்டி உங்களுக்கு முதுகுவலி உண்டான்னு அட்வைசர் கேட்டிருக்கணும்.

பேங்க் மேல உள்ள புகாருக்கு, கையில இருக்க பேப்பர்ல ரெண்ட தேடு. ஒண்ணு மார்ட்கேஜ் ஆஃபர் லெட்டர். லோனுக்கு என்னென்ன நிபந்தனைன்னு அதுல வரிசையா இருக்கும், பொதுவா கட்டட இன்ஷூரன்ஸ் இருக்கும், தவணை இன்ஷூரன்ஸ் இருக்காது. உனக்க லெட்டர்லயும் அது இல்லன்னா, எடுத்தாதான் லோன்னு சொன்னது பொய்ன்னு பேங்கோட பேப்பரே சொல்லுது. இன்னொண்ணு, பாலிசியோட வந்த டிமாண்ட்ஸ் அண்ட் நீட்ஸ் பேப்பர், உங்க தேவை என்னன்னு அவங்க எழுதி தர பேப்பர். அதுல ‘சிபாரிசு செய்கிறோம்’ங்கது மாதிரி ஒரு வார்த்தை இருந்தா, அட்வைஸ் பண்ணலங்க வாதம் அங்கேயே விழுந்துரும். கையெழுத்து போட்டாச்சுங்கத பாத்து மிரளாண்டாம், தப்பா வித்த பாலிசிலயும் கையெழுத்து இருக்கலாம், புகாரே அந்த கையெழுத்த எப்பிடி வாங்கினாவங்கதுதான்.

கூடவே சப்ஜெக்ட் ஆக்சஸ் ரெக்வஸ்ட்னு ஒரு மெயில் போடு, உங்க கணக்குல உள்ள எல்லா குறிப்பும், போன் ரெக்கார்டிங்கும், அட்வைசர் எழுதின நோட்டும் தாங்கன்னு. இலவசம், பொதுவா ஒரு மாசத்துக்குள்ள தரணும். ஆனா அது வரட்டும்னு காத்திருக்காத, பேங்க் மேல உள்ள புகாருக்கு ஒம்பட்ஸ்மேன் ஃபார்ம இந்த வாரமே அனுப்பு, பேப்பர பிறகு சேத்துக்கிடலாம்.

கருங்கல் பிள்ளை:
அக்கா கண்ணு நிறைஞ்சுட்டு. விசா விஷயம் மட்டும் சொல்லுங்க. அதோட தவணை, பிரீமியத்த நிறுத்தலாமா?

நாகர்கோவில் அக்கா:
விசாவுக்கு ஒண்ணும் வராது. உங்க விசால இருக்க தடை அரசாங்க உதவிப் பணத்துக்கு, ஒம்பட்ஸ்மேன்ட்ட போறது அதுல சேராது. உடம்புக்கு முடியாம இருக்கும்போ அவரு வேல பாக்குற கம்பெனி சட்டப்படி தர ஸ்டாட்யூட்டரி சிக் பேயும் அதுல வராது, 28 வாரம் வரைக்கும் உண்டு, வாங்கலன்னா கேளுங்க. அது முடிஞ்சா, அவரு போதுமான அளவு நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டியிருந்தா வேல பாக்க முடியாதவங்களுக்கு உள்ள நியூ ஸ்டைல் இஎஸ்ஏங்க உதவித்தொகை கேக்கலாம், அதுவும் தடைல வராது.

தவணைய சொல்லாம நிறுத்திராத, அதுக்கு முன்னாலயே பேங்குக்கு போன் பண்ணி கஷ்டத்த சொல்லு. கொஞ்ச நாளைக்கு குறைச்சு கட்டவோ, வட்டி மட்டும் கட்டவோ ஏற்பாடு கேக்கலாம், புகார் நடக்கதுனால அத மறுக்க முடியாது. என்ன ஏற்பாடு பண்ணாலும் கிரெடிட் ரெக்கார்டுல எப்பிடி பதிவாகும்னு கேட்டு எழுதி வச்சுக்கோ. பிரீமியம் பத்தி இப்பம் முடிவெடுக்காத, கிளெய்ம் புகார் நடக்கும்போ பாலிசிய ரத்து பண்ணினா என்ன ஆகும்னு பாலிசி பேப்பர பாத்த பிறகுதான் சொல்ல முடியும்.

மார்த்தாண்டம் மச்சான்:
2017-க்கு பிறகு உள்ளதுக்கு அந்த கெடு இல்லங்கது எனக்கு புது விஷயம்க்கா. எனக்கும் 2018-ல ஒண்ணு போட்டு தந்திருக்காவ.

நாகர்கோவில் அக்கா:
2018-ன்னா 6 வருஷம் தாண்டியாச்சு. இப்பம்தான் தப்புன்னு தெரிய வந்துதுன்னா அதுலேர்ந்து 3 வருஷம்னு ஒரு வழி உண்டு, பேப்பரோட தனியா கேளுங்க, இங்க பிள்ளையோட காரியம் முடியட்டும்.

கருங்கல் பிள்ளை:
ஆஃபர் லெட்டர எடுத்து பாத்தேன் அக்கா. கட்டட இன்ஷூரன்ஸ் மட்டும்தான் இருக்கு, இது இல்லவே இல்ல. டிமாண்ட்ஸ் அண்ட் நீட்ஸ் பேப்பர் கிடைக்கல. ஒம்பட்ஸ்மேன்ட்ட போன்ல பேசணும்னா அவருக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராதே?

நாகர்கோவில் அக்கா:
அந்த பேப்பர பேங்க்ட்ட கேளு, அவங்க குடுக்க முடியலன்னா அதையும் ஃபார்ம்ல எழுது. ஆஃபர் லெட்டர் காப்பிய முதல் பேப்பரா வை. பேசுறதுக்கு தமிழ் இன்டர்பிரட்டர் வேணும்னு கேளுங்க, அதுக்கும் காசு கிடையாது. ஒரு விசாரணைக்காரர் முதல்ல பாப்பாரு, அவரு முடிவு சரியில்லன்னா ஒம்பட்ஸ்மேனே பாக்கணும்னு கேக்கலாம், ஒம்பட்ஸ்மேன் சொல்லத நீ ஒத்துக்கிட்டா பேங்க் கட்டுப்பட்டே ஆகணும். ஃபார்ம நிரப்பினதும் அனுப்பதுக்கு முன்னால எனக்கு காட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வீட்டுலதான் இருப்பேன்.