மறு: ‘லோக்கல்ல ஓட்டுறது’ – உள்ளூர் வேண்டாம், கைவசம் எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். வாக்கியம் கொடுத்தால் படம் வரைந்து தரும் ஏஐ-யை இணையச் சேவையில் அல்லாமல் நம் கணினியிலேயே ஓட்டுவதை ‘லோக்கல்ல ஓட்டுறது’ என்கிறோம். செருகுநிரல் (வேறொரு மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) ஒன்றின் பயனர் கையேட்டில் அதற்கு என்ன தமிழ்ச் சொல் போடலாம் என்ற பேச்சில், ‘கைவசம்’ பற்றி வந்த கேள்விகளுக்கு இது என் பதில்.

> லோக்கல் என்பதற்கு ‘உள்ளூர்’ இருக்கிறதே, இன்னொரு சொல் எதற்கு?

உள்ளூர் என்றதும் எனக்கு ‘உள்ளூர் விடுமுறை’தான் ஞாபகத்துக்கு வருகிறது. ‘உள்ளூர்ப் படவாக்கம்’ என்று எழுதினால், தேரடித் தெரு போட்டோ ஸ்டூடியோவைச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள். சரி, அது பழகினால் போய்விடும். என் சிக்கல் வேறு. ஆங்கிலச் சொல்லே இங்கே சரியாகப் பொருந்தவில்லை. அதை அப்படியே பெயர்த்தால் குழப்பமும் கூடவே வந்து குடியேறும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சிறுவர் கதை ஒன்றுக்கு அய்யனார் படங்கள் தேவைப்பட்டன, 14 பக்கத்துக்கு. முதலில் ஓர் இணையச் சேவையில்தான் முயன்றேன். அரிவாள் என்றதும் வன்முறை என்று மறுத்துவிட்டது. ‘வளைந்த இரும்புக் கருவி’ என்று சுற்றி வளைத்து எழுதினேன். அய்யனார் கையில் குடைக் கைப்பிடி வந்தது! அதையும் எப்படியோ சமாளித்து 6 பக்கம் முடித்தேன். அடுத்த வாரம் போனால் உள்ளே இருந்து படம் வரைகிற மாதிரியையே (‘மாடல்’) மாற்றியிருந்தார்கள். நான் கொடுத்த வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை, வந்தவர் வேறு ஆள். மீசை மெலிந்து, முகம் வெளுத்து, கல்யாண ஆல்பத்து மாப்பிள்ளையைப் போல நின்றார். பழைய மாதிரிக்குத் திரும்ப வழியே இல்லை.

அப்புறம்தான் வீட்டுக் கணினிக்கு வந்தேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 12 ஜிபி நினைவகம். அதில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல் என்ற மாதிரி, இணையத்திலிருந்து இறக்கிய சுமார் 7 ஜிபி கோப்பு. அய்யனார் யார் என்றே அதற்குத் தெரியாது, குதிரை மேல் ஒரு ரோமானியச் சிப்பாயைக் கொடுத்தது. சுடுமண் சிலைகளை நானே எடுத்த 30 புகைப்படங்களை வைத்து ஒரு லோரா (மாதிரிக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுக்கும் சிறு துணைக் கோப்பு) பயிற்றிச் சேர்த்த பிறகு மீசை வந்தது, கண் பிதுங்கியது. 1024-க்கு 1024 படம் ஒன்றுக்கு 20 நொடி. பெட்டி மொத்தமும் 300 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு யூனிட் மின்சாரத்தில் 600 படம். (மே மாதத்தில் அந்த அறையில் உட்கார்ந்து பாருங்கள், மிச்சக் கணக்கு புரியும்.) முக்கியமான விஷயம், விதை எண்ணையும் (படம் எந்தத் தற்செயல் புள்ளியிலிருந்து தொடங்குகிறது என்று குறிக்கும் எண்) வாக்கியத்தையும் மற்ற அமைப்புகளையும் குறித்துவைத்துக்கொண்டு மென்பொருளை மாற்றாமல் இருந்தால், எத்தனை மாதம் கழித்துக் கூப்பிட்டாலும் அதே அய்யனார் வருகிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மின்வெட்டு நாள் ஒன்றில், இதே கோப்பையும் லோராவையும், மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு மேகக் கணினியில் ஏற்றி, மடிக்கணினி வழியாக ஓட்டினேன். நகையில் சின்னச் சின்ன வித்தியாசம் இருந்தது, ஆள் அவரேதான். இது லோக்கலா, க்ளௌடா? கணக்கு நடந்த இடத்தைப் பார்த்தால் மேகம். ஆனால் அரிவாளை யாரும் மறுக்கவில்லை, ஆளை யாரும் மாற்றவில்லை.

ஆக, எந்திரம் யாருடையது, மாதிரி யார் கையில் என்று இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ‘லோக்கல்’ இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. 2022 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் படம் வரையும் மாதிரியான டால்-ஈ 2 வந்தபோது வரிசையில் நின்று அவர்கள் தளத்தில்தான் பார்க்க முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்டேபிள் டிஃப்யூஷனின் எடைகளை (மாதிரி கற்றதெல்லாம் அடங்கிய எண்கள்) பொதுவில் வெளியிட்டார்கள். ஆளாளுக்கு இறக்கி வீட்டில் ஓட்டினார்கள். இறக்கியதும் வீட்டில் ஓட்டியதும் ஒரே சமயத்தில் நடந்ததால் ஒரே சொல் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

என் பரிந்துரை: எந்திரத்துக்குச் ‘சொந்தம் / வாடகை’. மாதிரிக்குக் ‘கைவசம் / இரவல்’. நான் மின்வெட்டு நாளில் செய்தது, வாடகை எந்திரத்தில் கைவச மாதிரி. பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும், இணையச் சேவையில் இருப்பது இரவல் மாதிரி. நினைத்தபோது திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை என் 6 பக்கத்துக்கு நேர்ந்தது.

> அகக்கணிமை, புறக்கணிமை என்று அழகாகப் பிரிக்கலாமே?

கணிமை என்றால் கம்ப்யூட்டிங். அகம் என்றால் வீடு, உள் என இரு பொருளும் கிடைப்பது உண்மையிலேயே அழகு. ஆனால் ‘புறக்கணிமை’யை வேகமாகப் படித்துப் பாருங்கள். யாரோ எதையோ புறக்கணிக்கச் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும். தவிர, இதுவும் இடத்தைத்தான் பிரிக்கிறது, வசத்தை அல்ல.

> வசம் வடசொல். தனித்தமிழில் வேண்டும்.

தெரியும். ‘கையிருப்பு’ நல்ல தமிழ், எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் அது எவ்வளவு மிச்சம் என்று எண்ணச் சொல்லும் சொல், கடைக்கணக்கு வாசனை. ‘கைவசம் இருக்கா?’ என்று யாரும் யோசிக்காமல் கேட்கிறோம். அந்தப் புழக்கத்தைக் கைவிட எனக்கு மனமில்லை. கைவசப்படுத்து, கைவசமாக என்று வினைக்கும் அடைக்கும் வளைகிறது என்பது கூடுதல் வசதி.

> இறக்கி வைத்திருப்பதாலேயே அது நம்முடையது ஆகிவிடுமா?

ஆகாது. அதனால்தான் மாதிரிக்குச் ‘சொந்தம்’ என்று போடவில்லை. 2024-இல் வந்த ஃப்ளக்ஸ்.1 என்ற படம் வரையும் மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ‘ஷ்னெல்’ வடிவம் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்கிற அப்பாச்சி 2.0 உரிமத்தில் வந்தது. ‘டெவ்’ வடிவத்தை இறக்கலாம், ஓட்டலாம், ஆனால் உரிமம் வணிகம் சாராத பயன்பாட்டுக்கானது. நிலத்துக்குச் சொல்வதுபோல, பட்டா அவர்கள் பேரில், அனுபவம் நம்மிடம். கைவசம் அந்த அளவோடு நிற்கிற சொல். ‘திறந்த மாதிரி’ என்று எழுதும்போதுதான் உரிமத்தையும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிடுகிறோம்.

ஃப்ளக்ஸ் என்றதும் இன்னொன்று. அதில் 1,200 கோடி அளபுருக்கள் (மேலே சொன்ன எடைகள்தான்), ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றால் 24 ஜிபி, என் கார்டில் பாதிதான் நுழையும். ஒவ்வொன்றையும் 4 பிட்டுக்கு, அதாவது அரை பைட்டுக்குக் குறுக்கினால் ஓடுகிறது. இந்தக் குறுக்கலுக்கு ஒரு சொல் வேண்டும், அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். ‘மாதிரி’ பற்றியும் ஒருநாள் பேச வேண்டும். ‘இந்த மாதிரி மாதிரி’ என்று எழுதி நானே ஒருமுறை அழித்தேன்.

இப்போதைக்கு, பயனர் கையேட்டின் முதல் பக்கத்துக்கு நான் எழுதிப் பார்த்த வரி இது:

“இந்தச் செருகுநிரல் கைவச மாதிரிகளோடு மட்டுமே இயங்கும், எந்திரம் சொந்தமாகவும் இருக்கலாம், வாடகையாகவும் இருக்கலாம்.”

இதைப் படித்துத் தடுமாறுகிறவர் எங்கே தடுமாறினீர்கள் என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் கையேட்டில் திருத்திவிடலாம்.