துணி கேமரா பேக் மழையில நனையுது, ஸ்ப்ரே அடிக்கலாமா மெழுகு தேய்க்கலாமா?

வணக்கம் நண்பர்களே, என்கிட்ட ஒரு துணி கேமரா பேக் இருக்கு, தோள்ல மாட்டற டைப், ஒரு பாடியும் ரெண்டு லென்ஸும் போகும். தூறலுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா நல்ல மழையில கொஞ்ச தூரம் நடந்தாலே மேல் மூடி தண்ணிய குடிச்சு கருத்துப் போகுது, உள்ள ஃபோம் தடுப்போட அடி ஓரம் ஈரமாயிடுது. சிலர் வாட்டர்ப்ரூஃப் ஸ்ப்ரேங்கறாங்க, சிலர் மெழுகுங்கறாங்க. உள்ள லென்ஸ் வைக்கறதால அந்த கெமிக்கல் ஏதாவது பண்ணிடுமோன்னு பயமாவும் இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1:
எதையும் அடிக்கறதுக்கு முன்னாடி தண்ணி எந்த வழியா உள்ள போகுதுன்னு பாருங்க ப்ரோ, முக்கால்வாசி பேர் இதத்தான் விட்டுடறாங்க. கேமரா, தடுப்பு எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு காலி பைக்குள்ள டிஷ்யூ பேப்பர பரப்பி, ஜிப்ப மூடி, ஷவருக்கு கீழ அஞ்சு நிமிஷம் வைங்க, அப்புறம் கைய நல்லா தொடச்சுட்டு திறந்து எந்த இடத்து பேப்பர் நனைஞ்சிருக்குன்னு பாருங்க. துணி வழியா வர்றதவிட ஜிப் வழியாவும் தையல் ஓட்டை வழியாவும்தான் நிறைய வரும். அப்படி இருந்தா துணி மேல எத்தனை கோட் அடிச்சும் பிரயோஜனம் இல்ல.

பதில் 2:
துணி என்ன துணி? காட்டன் கேன்வாஸ்னா மெழுகு, நைலான் பாலியஸ்டர்னா ஸ்ப்ரே. நைலான்ல மெழுகு உள்ள இறங்காது, மேலயே பிசுபிசுன்னு நிக்கும். அப்புறம் நைலான் பையோட உள்பக்கத்த தொட்டுப் பாருங்க, பிசுக்குன்னு ஒட்டுனாலோ செதில் செதிலா உரிஞ்சாலோ உள்ள இருக்கற பியூ கோட்டிங்கோட (தண்ணி புகாம இருக்க பூசற பாலியூரிதேன் பூச்சு) ஆயுசு முடிஞ்சுதுன்னு அர்த்தம், வெளிய ஸ்ப்ரே அடிச்சு அத திரும்ப கொண்டுவர முடியாது.

கேட்டவர்:
காட்டன் கேன்வாஸ்தான் அண்ணா. ஷவர் டெஸ்டும் பண்ணிட்டேன். ஜிப் ரெண்டு முனையிலயும், ஸ்ட்ராப் தைச்ச இடத்துலயும் பேப்பர் நல்லா நனைஞ்சிருக்கு, நடுவுல லேசா ஈரம், அவ்வளவுதான்.

பதில் 2:
அப்ப வரிசை முக்கியம் தம்பி. முதல்ல தையலுக்கு சீம் சீலர், அதாவது தையல் ஓட்டைய அடைக்கற பசை, அப்புறம்தான் மெழுகு. மாத்தி பண்ணா மெழுகு மேல சீலர் பிடிக்காது. லைனிங்க விலக்க முடிஞ்சா உள்பக்கமா, இல்லாட்டி வெளிய, சின்ன பிரஷ்ஷால தையல் நூல் மேல மெல்லிசா தடவி ராத்திரி முழுக்க காயவிடுங்க. மெழுகுன்னா பாரஃபின்ல கொஞ்சம் தேன்மெழுகு கலந்த கட்டி, துணி மேல சோப்பு மாதிரி அழுத்தி தேய்ங்க, வெள்ளையா திட்டு திட்டா நிக்கும், ஹேர் டிரையர் காட்டுனா உருகி நூலுக்குள்ள இறங்கிடும். எல்லா இடமும் ஒரே நிறமா ஆகற வரைக்கும் சூடு காட்டுங்க. நிறம் கொஞ்சம் கருக்கும், அது திரும்ப மாறாது, அதனால அடிப்பக்கம் ஒரு ஓரத்துல தேய்ச்சுப் பாத்துட்டு ஆரம்பிங்க. அதுக்கப்புறம் வாஷிங் மெஷின் பக்கமே கொண்டு போகாதீங்க, ஈரத்துணியால தொடச்சா போதும். வெயில்ல நிக்கற காருக்குள்ளயும் வைக்க வேணாம், மெழுகு இளகி ஒட்டும்.

லென்ஸ் பத்தி கேட்டீங்களே, மெழுகோ சீலரோ ஸ்ப்ரேவோ எதுவா இருந்தாலும் வாடை சுத்தமா போற வரைக்கும் பைய காத்தோட்டமா திறந்து வைங்க, அதுவரைக்கும் கேமராவ உள்ள வைக்காதீங்க. உள் லைனிங்ல எதையும் தடவாதீங்க.

பதில் 3:
ஜிப்புக்கு மெழுகு தீர்வு இல்ல. அது மேல ஒரு துணி மடிப்பு தைச்சுக்கலாம், இல்லன்னா பெரிய மழைக்கு ரெயின் கவர் போட்டுக்குங்க. இதெல்லாம் பண்ணாலும் பை தண்ணிய தாங்குமே தவிர தண்ணிக்குள்ள முங்குனா காப்பாத்தாது. படகுல போறீங்கன்னா கேமராவ வாய சுருட்டி மூடற டிரை பேக்ல போட்டு உள்ள வைங்க. இன்னொண்ணு, நனைஞ்ச பைய மூடி வைக்கவே வைக்காதீங்க. மேல காஞ்ச மாதிரி தெரியும், ஃபோம் உள்ள ஈரத்த பிடிச்சு வச்சிருக்கும், அதுலதான் லென்ஸுக்கு ஃபங்கஸ் வரும். தடுப்ப எல்லாம் கழட்டி தனியா காயவைங்க, சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டா மட்டும் அந்த ஈரம் போகாது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி, இந்த வாரமே சீலர்ல ஆரம்பிக்கறேன். உடம்புல உரசற பின்பக்கத்துக்கும் மெழுகு போடணுமா?

பதில் 2:
வேணாம். சட்டையில கறை பிடிக்கும். மூடி, முன்பக்கம், ரெண்டு சைடு, அடி, அவ்வளவு போதும்.