பாம்புச் சட்டை முழுசாக் கழலேல்ல, உதவி செய்யுங்கோ

வெள்ளவத்தை ஃபிளாட்டில நான் வளக்கிற கோர்ன் ஸ்நேக் (corn snake) பாம்புக்கு இந்த முறை சட்டை துண்டு துண்டாக் கிழிஞ்சு போச்சு. வால் நுனியில ஒரு துண்டு மோதிரம் மாதிரி இறுகிக் கிடக்கு. வலது கண்ணிலயும் பழைய தோல் மங்கலா ஒட்டியிருக்கு. கடல் காத்து வாற இடம்தான், ஆனா இரவிரவா ஏசி போட்டதால காஞ்சிட்டுது போல. இப்ப ஏசியை நிப்பாட்டி, ஈரப் பாசி போட்ட டப்பா ஒண்டு வைச்சிருக்கிறன். நேற்று இளஞ்சூட்டுத் தண்ணியில 15 நிமிசம் விட்டன். சுருண்டு தலையை ஒளிச்சிட்டுது, மனசு கேக்கேல்ல.

கண்ணைத் தொடவே மாட்டன், இழுத்தாக் கண் பழுதாப் போயிடும். வால்தான் பயம், இரத்தம் ஓடாட்டி நுனி கருகிடும். ஈரத் துவாய்க்குள்ளால தானா ஊர விட்டாக் கழலுமோ? திரும்ப நனைக்க எத்தனை நாள் விடோணும்? கொழும்பில ஊர்வன பாக்கிற மிருக வைத்தியர் ஆரையும் தெரிஞ்சாச் சொல்லுங்கோ.